யாஸ்னயா போல்யானா: டால்ஸ்டாய் வீட்டுக்குப் போனவர்கள் எழுதுங்கள்

ஊர்சுற்றி:

மாஸ்கோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், துலா நகரத்தை ஒட்டி இருக்கிறது டால்ஸ்டாயின் பண்ணை. வேலை காரணமாக ரஷ்யாவில் இருந்தபோது, ஆப்பிள் மரங்கள் காய்ப்பை முடித்துக்கொண்ட பருவத்தில் போய் வந்தேன். நுழைவாயிலில் இரண்டு வெள்ளைக் கோபுரங்கள், பெரிய குளம், பிறகு வீடு வரை இருபுறமும் பிர்ச் மரங்கள். படங்களில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன்.

நான் அதிக நேரம் நின்றது வீடே இல்லாத ஓர் இடத்தில். இன்று அருங்காட்சியகமாக இருப்பது அந்தக் காலத்தில் பக்கத்துக் கட்டடம். 1828இல் டால்ஸ்டாய் பிறந்த பெரிய மாளிகை அதற்கு அருகில் இருந்தது. சூதாட்டப் பித்துப் பிடித்திருந்த இளவயதில், 1854இல், அதை விற்றுவிட்டார். வாங்கியவர் மாளிகையைப் பிரித்து வேறு கிராமத்துக்குக் கொண்டுபோய்விட்டார். இப்போது அங்கே மரங்களும், இந்த இடத்தில்தான் வீடு இருந்தது என்று சொல்லும் ஒரு கல்லும் மட்டுமே. எங்கே பிறந்தீர்கள் என்று பிற்காலத்தில் யாராவது கேட்டால், உயர்ந்த மரத்தின் உச்சியைக் காட்டி, அந்த உயரத்தில்தான் அம்மாவின் அறை இருந்தது என்பாராம். இரண்டு வயது நிறைவதற்குள் தாயை இழந்தவர் அவர். பிறந்த தோல் சோபா மட்டும் தப்பித்து இன்றும் அவர் எழுதும் அறையில் கிடக்கிறது.

தன் வீட்டைத் தானே தொலைத்தவர், மீதி இருந்த சிறிய வீட்டில் உட்கார்ந்து ‘போரும் வாழ்வும்’ எழுதினார். அதில் வரும் கிழட்டுப் பிரபு பல்கோன்ஸ்கிக்கு, இந்தப் பண்ணையை உருவாக்கிய தாய்வழித் தாத்தாதான் மாதிரி. கீழ்த்தளத்தில் வளைந்த கூரை கொண்ட ஓர் அறை இருக்கிறது. தாத்தா காலத்தில் சாமான் அறை. பன்றித் தொடைக்கறி தொங்கவிட்ட இரும்பு வளையங்கள் இன்னும் கூரையில் இருக்கின்றன. சுவர் தடிமன் என்பதால் சத்தம் நுழையாது. வீட்டில் எழுதத் தகுந்த இடம் எது என்று என்னைக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

நூலக வாசகி:

ஐயா, எழுதியவருக்குச் சத்தம் கேட்காத அறை கிடைத்தது, சரி. அந்தச் சத்தத்தையெல்லாம் யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள்? நானும் அங்கே போயிருக்கிறேன். எனக்கு அது சோஃபியாவின் வீடாகத்தான் பட்டது. 18 வயதில், 34 வயதுக்காரரை மணந்து 1862இல் வந்தவர். 13 பிள்ளைகள். பகல் முழுவதும் பண்ணைக் கணக்கு, சமையல், காய்ச்சல், பிரசவம். எல்லோரும் தூங்கிய பிறகு கணவரின் கிறுக்கல் கையெழுத்தைப் பிரித்துப் படித்து, அந்தப் பெரும் நாவலின் பகுதிகளை மீண்டும் மீண்டும் படியெடுத்திருக்கிறார்.

கடைசியில் என்ன ஆயிற்று? 1910 ஜூலையில் மனைவிக்குத் தெரியாமல் காட்டுக்குள் போய், மரக்கட்டை மேல் வைத்து உயிலில் கையெழுத்திட்டார் அந்த உத்தமர். அக்டோபர் 28 விடியுமுன் (பழைய நாட்காட்டிப்படி) மருத்துவரை மட்டும் அழைத்துக்கொண்டு 82 வயதில் வீட்டைவிட்டுப் போனார். அஸ்தாபவோ ரயில் நிலையத்தில் அவர் நினைவிழந்த பிறகுதான் சோஃபியாவை அருகில் விட்டார்கள். அதன் பிறகும் 1919இல் இறக்கும் வரை அந்த வீட்டைக் கட்டிக் காத்தவர் அவர். கல்லறை அவருக்கு வேறிடத்தில், குடும்ப மயானத்தில். கணவரோ தனியாகக் காட்டில். டால்ஸ்டாய் மீது எனக்குள்ள மதிப்பு குறையவில்லை, ஆனால் அந்த வீட்டில் நடந்தபோது கோபம் வந்தது.

பழைய மாணவன்:

நான் சோவியத் காலத்தில் மாஸ்கோவில் படித்தவன். விடுதியிலிருந்து பேருந்தில் அழைத்துப் போனார்கள், கடும் பனி. வீட்டுக்குள் காலணிமேல் துணிச்செருப்பு மாட்டிக்கொண்டு, வழிகாட்டிப் பெண்மணியின் பின்னால் சத்தமில்லாமல் நடக்க வேண்டும்.

கல்லறைதான் என்னை உலுக்கியது. சிலுவை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது; பள்ளத்தாக்கின் ஓரத்தில் ஒரு நீள்சதுர மண்மேடு. 1901இல் திருச்சபை அவரை விலக்கிவிட்டதால் சமயச் சடங்கும் இல்லை. அந்த இடத்தைக் கேட்டு வாங்கியவர் அவரே. சிறுவயதில் அண்ணன் நிக்கலாய் ஒரு கதை சொன்னாராம்: எல்லா மனிதரும் மகிழ்ச்சியாக வாழும் ரகசியத்தை ஒரு பச்சைக் குச்சியில் எழுதி அங்கே புதைத்திருக்கிறேன் என்று. தம்பி அதை 80 வயதிலும் மறக்கவில்லை.

1941 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை இங்கே ஒன்றரை மாதம் இருந்தது. செத்த சிப்பாய்களை டால்ஸ்டாய் கல்லறைக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். போகும்போது வீட்டுக்குத் தீ வைத்தார்கள். ஊழியர்களும் ஊராரும் அணைத்தார்கள். முக்கியமான பொருள்களை முன்கூட்டியே சைபீரியாவின் தோம்ஸ்க் நகருக்கு அனுப்பிவிட்டதால்தான் இன்று பார்க்க முடிகிறது. படைகள் விலகியதும் அந்தச் சிப்பாய்களின் உடல்களைத் தோண்டி வேறிடத்துக்கு மாற்றினார்கள்.

குறள் அன்பர்:

இன்னும் போகவில்லை, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நூலக வாசகி அம்மாவின் கோபம் நியாயமானது. அதே வீட்டில் 1908 டிசம்பரில் எழுதி முடித்த ‘ஓர் இந்துவுக்குக் கடிதம்’ இந்திய விடுதலைப் போராளி தாரக்நாத் தாஸுக்கு அனுப்பியது. அதில் திருக்குறளின் இன்னா செய்யாமை அதிகாரத்திலிருந்து குறள்களை எடுத்துக் காட்டியிருக்கிறார். மறுஆண்டு காந்தி அந்தக் கடிதத்தைக் குஜராத்தியில் மொழிபெயர்த்தார். அங்கே டால்ஸ்டாயின் சொந்த நூலகத்து நூல்கள் 22,000 அளவில் இருக்கின்றனவாமே. குறள் பற்றி வழிகாட்டிகள் ஏதாவது சொல்கிறார்களா?

ஊர்சுற்றி:

எங்கள் வழிகாட்டி காந்தியைச் சொன்னார், குறளைச் சொல்லவில்லை. புத்தக அலமாரிகள் பூட்டியிருந்தன; கண்ணாடி வழியாக முதுகுகளைப் பார்க்கலாம், அவ்வளவுதான். போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மாஸ்கோவின் கூர்ஸ்கி நிலையத்திலிருந்து துலாவுக்கு ரயில், அங்கிருந்து சிற்றுந்து. வீட்டுக்குள் குழுவாகத்தான் விடுகிறார்கள், பேச்சு பெரும்பாலும் ரஷ்ய மொழியில். ஆகவே வீட்டைப் பற்றிப் படித்துவிட்டுப் போங்கள். தோட்டத்தில் அவர் உட்கார்ந்த பிர்ச் கழி இருக்கைப் பக்கம் கூட்டமே இருக்காது. துலாவில் இஞ்சியும் தேனும் மணக்கும் ‘பிரியானிக்’ என்ற இனிப்பு ரொட்டி கிடைக்கும், வாங்கி வையுங்கள். திரும்பும் ரயிலில் பசிக்கும்.