வேப்பிங்: சனிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச்சொல் தேவை

பள்ளி ஆசிரியை, பெரம்பூர்:

வணக்கம். திங்கட்கிழமை பெற்றோர் கூட்டம். சுற்றறிக்கை சனிக்கிழமை மதியத்துக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும். போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் ஜாமெட்ரி பாக்ஸில் ஒன்று கிடைத்தது. ஹைலைட்டர் என்று நினைத்து மூடியைத் திருகிப் பார்த்தேன், திறக்கவில்லை. முகர்ந்தால் மாம்பழ வாசனை. பக்கத்துப் பையன்தான் "மிஸ், அது வேப்" என்றான். எனக்கு வேப்பிலைதான் நினைவுக்கு வந்தது. அவன் அம்மாவை வரவழைத்து, "ஆவி மாதிரி இழுக்கிற கருவி" என்று விளக்கினேன். "ஆவி பிடிச்சா சளிக்கு நல்லதுதானே மிஸ்?" என்று கேட்டார். அதனால்தான் இங்கே வந்தேன். வேப்பிங்குக்குத் தமிழில் என்ன?

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், மயிலாப்பூர்:

மின் + ஆவி = மின்னாவி. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டும். முடிந்தது வேலை. ஆவியின் அடிப்பொருள் மூச்சு என்பது என் கட்சி. கொட்டாவியைப் பாருங்கள், வாய்வழி வெளியேறும் ஆவிக்கு எவ்வளவு அழகான சொல். உயிரும் பேயும் அதிலிருந்து கிளைத்தவை. வினைத்தொகை வேண்டுமென்றால் ஊதாவி என்றும் வைக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர், தாம்பரம்:

ஐயா, மின்னாவி என்றால் மின்மயானத்தைச் சுற்றும் பேய் என்று பையன்கள் சிரிப்பார்கள். ஊதாவி ஊதா நிறத்தில் ஏதோ என்று தோன்றும். மின்சிகரெட் ஏற்கெனவே நாளிதழ்களில் வருகிறது, சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திகளிலும் அதுதான். 2019 மத்தியச் சட்டத்தின் பெயரிலேயே மின்னணு சிகரெட் என்பதுதான் இருக்கிறது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் எல்லாம் அதில் குற்றம்; விற்று முதல்முறை மாட்டினால் ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றோர் நாளை செய்தியில் பார்க்கப்போகிற சொல்லையே நாமும் வைக்கலாமே.

வேதியியல் விரிவுரையாளர், அடையாறு:

நடுவில் புகுகிறேன். இது ஆவியே இல்லை. பேட்டரி கம்பிச்சுருளைச் சூடாக்குகிறது. பஞ்சில் ஊறிய புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோடின், வாசனைப்பொருள் எல்லாம் சூடாகி, குளிர்ந்து, நுண்துளிகளாக மிதக்கின்றன. மார்கழி மூடுபனி எப்படியோ அப்படி. எதுவும் எரியாததால் புகையும் இல்லை. என் பரிந்துரை: நுண்துளியுறிஞ்சல்.

கல்லூரி மாணவர், ராயபுரம்:

சார், அந்தச் சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இழுப்பு இழுத்துவிடுவான். எங்கள் ஏரியாவில் சிகரெட்டுக்கு "தம்"; பிடிப்பதற்கு "தம் அடிக்கிறது". இதற்கு மின்தம் என்று வைத்தால் எந்த அப்பாவுக்கும் விளக்கவே வேண்டாம்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

தம்பி, தம் பாரசீகம். மூச்சு என்று பொருள்; உருது வழியாக வந்தது. பிரியாணியின் தம்மும் அதுவே. அதாவது உங்கள் தம்மும் என் ஆவியும் ஒரே பொருள். அப்படியிருக்க நம் சொல்லை விட்டுப் பிரியாணிச் சொல்லை ஏன் எடுக்க வேண்டும்? புகைதான் வேண்டுமென்றால் குறுந்தொகை 167-இல் குய்ப்புகை இருக்கிறது. கணவனுக்காகச் சமைப்பவளின் குவளைக் கண்ணில் தாளிப்புப் புகை. எரிச்சலோடு அன்பும் கலந்த புகை அது. அதைத் தொட்டு

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, சனிக்கிழமை.

நுரையீரல் மருத்துவர், கீழ்ப்பாக்கம்:

இரண்டு நாளாகப் படிக்கிறேன். அந்த அம்மா கேட்ட கேள்விதான் இங்கே முக்கியம். நம் வீட்டில் ஆவி என்றால் நொச்சி இலை போட்ட வெந்நீர், தலைக்கு மேல் போர்வை, இல்லாவிட்டால் இட்லிப் பானை. எல்லாம் நல்ல ஞாபகங்கள். அதே பெயரை இதற்குச் சூட்டினால் பாதி விளம்பரத்தை நாமே செய்துகொடுக்கிறோம். நிக்கோடின் பழக்கத்தில் பிடித்துவைக்கும் பொருள்; மூளை இருபத்தைந்து வயதுவாக்கில்தான் முழுதாக முதிர்கிறது, பதினான்கு வயதில் அது இன்னும் எளிதாகப் பிடிபடும். வேதியியலார் மன்னிக்கட்டும், பெயரில் புகையோ சிகரெட்டோ இருக்கட்டும். இன்னொன்று. அமெரிக்காவில் 2019-இல் பரவிய நுரையீரல் பாதிப்பில் 68 பேர் இறந்தார்கள். அதற்குப் பெரும்பாலும் காரணமாகச் சொல்லப்பட்டது கஞ்சாச் சத்துத் திரவத்தில் கலந்த வைட்டமின் இ அசிட்டேட். அந்தக் கணக்கை எல்லா வேப்புக்கும் பொருத்தி அறிக்கையில் போட வேண்டாம். பையன்கள் தேடிப் பார்ப்பார்கள், அப்புறம் நாம் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

வேதியியல் விரிவுரையாளர்:

அறிவியல்படி தவறு என்று பதிவு செய்துவிட்டு ஒதுங்குகிறேன். சிகரெட் என்றால் புகையிலை, காகிதம், நெருப்பு. இதில் மூன்றும் இல்லை.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

நம் சுருட்டைத்தான் ஆங்கிலத்தான் செரூட் என்று எடுத்துக்கொண்டான். நாமோ அவனுடைய சிகரெட்டைக் கைகட்டி வாங்குகிறோம். மின்வெண்சுருட்டு என்று வைத்தால் என்ன குறைந்துபோகும்?

கல்லூரி மாணவர்:

இதில் யாரும் எதையும் சுருட்டவில்லையே ஐயா. வெள்ளையாகவும் இல்லை. டீச்சர் பிடித்தது என்ன நிறம்?

பள்ளி ஆசிரியை:

பச்சை.

சரி, மணி பதினொன்று ஆகிவிட்டது. "மின்சிகரெட், அதாவது பிள்ளைகள் வேப் என்று சொல்வது" என்று போட்டு அனுப்புகிறேன். கீழே, "இது ஆவி பிடிப்பது அல்ல, புகைபிடிப்பதற்குச் சமம். இதில் பெரும்பாலும் நிக்கோடின் இருக்கும்" என்று ஒரு வரி. எல்லோருக்கும் நன்றி.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

என் மறுப்பு இருக்கட்டும். ஆனால் புகைபிடித்தல் இரண்டாம் வேற்றுமைத் தொகை. நடுவே வல்லினம் மிகாது. மோர் குடித்தான், கனி தின்றான் போல. அதையாவது காப்பாற்றுங்கள்.

பள்ளி ஆசிரியை (திங்கள் இரவு):

கூட்டம் நல்லபடியாக முடிந்தது. அந்த அம்மா சுற்றறிக்கையை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, "ஆவி இல்லைன்னு போட்டிருக்கீங்களே, அதைப் பக்கத்து வீட்டுலயும் காட்டணும்" என்றார். ஐயா, ஒரு விஷயம். அச்சகத்துக்காரர் தானாகவே திருத்தி "புகைப்பிடிப்பதற்கு" என்று அச்சடித்துவிட்டார். ஐந்நூறு பிரதி.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

அச்சகத்தின் தொலைபேசி எண் கிடைக்குமா?