ஊட்டியில் வெள்ளைக்காரர் காலத்து பங்களா ஹோட்டலில் தங்கியிருக்கிறீர்களா?

டிசம்பர் கடைசியில் அம்மா அப்பாவோடு இரண்டு இரவு தங்க வேண்டும். கணப்பு, மரத்தளம், தோட்டம் என்று பழைய வீடாகவே இருக்க வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை, ஆனால் அவருக்கு முழங்கால் வலி, குளிரும் ஆகாது. எதையெல்லாம் விசாரித்துவிட்டு ரூம் போடலாம்?

பதில் (குன்னூர்க்காரன்):
முதலில் தரைத்தள அறை கேளுங்கள், இந்த மாதிரி வீடுகளில் லிஃப்ட் அபூர்வம். கணப்பு படத்தில் இருந்தால் போதாது, நிஜமாகவே மூட்டுவார்களா, விறகுக்குத் தனிக் காசா என்றும் கேட்டுவிடுங்கள். நாங்கள் போன ஓரிடத்தில் அது வெறும் அலங்காரம், ராத்திரி முழுக்க அம்மா நடுங்கிக்கொண்டே இருந்தார், எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அந்த மாதத்தில் உறைபனி விழும்.

பதில் (மலைரயில்):
சவாய் ஹோட்டலின் கதை 1829இல் தொடங்குகிறது, அங்கே தனித்தனி காட்டேஜ்கள் உண்டு. ஃபெர்ன்ஹில் மைசூர் மகாராஜாவின் கோடை அரண்மனையாக இருந்தது. அப்புறம், கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய ஸ்டோன் ஹவுஸையும் அப்பாவுக்குக் காட்டுங்கள், ஊட்டி பிறந்ததே அந்த வீட்டில்தான். அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. விறகு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நாளைக்கே போன் செய்து கேட்கிறேன்.

பதில் (குன்னூர்க்காரன்):
சரி, காரில் வந்தால் இ-பாஸ் (நீலகிரிக்குள் வர ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) எடுக்க மறக்காதீர்கள்.