கோஆக்சியல் கேபிள்: 'இணையச்சு' வேண்டாம், 'ஓரச்சு' வைப்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

டிஷ்ஷிலிருந்து டிவிக்கு வரும் கோஆக்சியல் கேபிளுக்கு 'இணையச்சு வடம்' என்றே நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. ஏற்றுவதற்கு முன் இதைக் கொஞ்சம் பாருங்கள்.

ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரைப் பக்கம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனில் டிவி வயர் மாற்றும் வேலை வந்தது. உச்சிப்புளியில் டிஷ் வேலை பார்க்கும் என் தம்பியோடு கூடமாட ஒத்தாசைக்குப் போயிருந்தேன். சில சேனல் பளிச்சென்று வருகிறது, சிலது வரவே இல்லை. "வயர் போயிருச்சுண்ணே" என்றான் பார்த்ததுமே. செட்டாப் பாக்ஸ் அதே வயர் வழியாகத்தான் டிஷ்ஷின் தலைக்கு 13 அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது. வயர் அரித்து வோல்ட் இறங்கினால், 18 தேவைப்படும் சேனல்கள்தான் முதலில் போகும்.

கூரையில் வயர் உள்ளே நுழையும் இடத்தில் வெட்டி உரித்தான். அலுமினிய வலை வெள்ளைப் பொடியாகக் கையில் உதிர்ந்தது. நடுக்கம்பியின் செம்புப் பூச்சில் பச்சை ஏறி, அடியில் இருந்த எஃகு துருப்பிடித்திருந்தது. உப்புத் தண்ணீர் ஒரு பக்கம், வயரில் ஓடும் மின்சாரம் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்தால் அரிப்பு வேகமாக நடக்கும்.

பலகைக்கு அடியில் இன்னொரு இடம். கிளிப்பை இறுக்கி அடித்ததில் வயர் தட்டையாக நசுங்கியிருந்தது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுக்கம்பி நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கி வலையைத் தொடுகிற மாதிரி இருந்தது. நல்ல வயரைக் குறுக்கே வெட்டினால் வாழைத்தண்டு போல இருக்கும்: நடுவில் கம்பி, சுற்றிலும் வெள்ளை நுரைக் காப்பு, அதைச் சுற்றி வலை, அதற்கு மேல் கறுப்பு உறை, எல்லாவற்றுக்கும் மையம் ஒன்றே. இது அழகுக்காகச் செய்தது இல்லை. நடுக்கம்பியின் விட்டம், வலையின் உள்விட்டம், இடையில் இருக்கும் காப்பு, இவைதான் அந்த வயரின் 75 ஓம் மின்மறுப்பை (impedance) தீர்மானிக்கின்றன. நசுங்கிய இடத்தில் அந்த அளவு மாறிவிடும். சிக்னலில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிவிடும். பழைய டிவியில் இது நிழல் உருவமாகத் தெரிந்தது, இப்போது படம் கட்டம் கட்டமாக உடைகிறது. ஆக, எல்லாம் ஒரே அச்சில், அதாவது ஒரே மையக்கோட்டில், இருப்பதுதான் இந்த வயரின் உயிர். பெயரும் அதைத்தான் சொல்ல வேண்டும்.

'இணையச்சு' அதைச் சொல்லவில்லை. இணைகோடு என்றால் சேராமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவது என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அப்படி ஒரு வயரும் நம்மிடம் இருந்தது. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கிய பிறகு, இந்தக் கரையோரத்தில் ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பிக் கட்டிப் பார்த்தவர்கள் நிறையப் பேர். ஆன்டெனாவிலிருந்து வீட்டுக்குள் இறங்கிய தட்டை வயரில் இரண்டு கம்பிகள் சம இடைவெளியில் ஓடும், 300 ஓம். 'இணை' அதற்குத்தான் பொருந்தும். அதை 'இணைகம்பி வடம்' என்று தனியாகப் பதிவு செய்யலாம். இப்போதே கோஆக்சியலுக்கு 'இணை'யைக் கொடுத்துவிட்டால் அந்தத் தட்டை வயருக்குச் சொல் இல்லாமல் போகும்.

> இணை என்றால் ஜோடி என்ற பொருளும் உண்டே.

உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஜோடி என்றாலே இரண்டு. இங்கே அச்சு ஒன்றுதானே? போதாததற்கு, 'இணையச்சு' என்று எழுதினால் பாதிப் பேர் இணையம், அச்சு என்று பிரித்துப் படிக்கிறார்கள்.

> 'ஓரச்சு' என்றால் ஓரத்தில் இருக்கும் அச்சு ஆகிவிடாதா?

ஆகாது. ஓரம், அச்சு இரண்டும் புணர்ந்தால் ஓரவச்சு. ஓரறிவு, ஓரெழுத்து என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு ஓரச்சு புதிதில்லை.

'வடம்' பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. தேர் வடம் கனமானது, இது விரல் கனம்கூட இல்லை என்பது சரிதான். ஆனாலும் கேபிளுக்கு அது ஊன்றிவிட்டது, இருக்கட்டும்.

அப்புறம் இன்னொரு சொல். பழைய வயரின் வாலில் புதியதைக் கட்டி இழுத்து முடித்ததும், கூரைத் துளைக்கு வெளியே வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு, மறுபடி மேலே ஏற்றி உள்ளே விட்டான் தம்பி. மழையோ பனியோ வயர் வழியாக வரும் தண்ணீர் அந்த அடிவளைவில் சொட்டிவிடும், துளைக்குள் போகாது. உப்புப் படியும் இந்தக் கரையில் இதை விட்டால் புது வயரும் சீக்கிரமே பழைய கதிக்கு வந்துவிடும். இதற்கு 'சொட்டு வளைவு' என்று வைக்கலாமா? 'நீர்வடி வளைவு' என்று ஒரு யோசனையும் தோன்றியது, ஆனால் ஏணியில் நின்றுகொண்டு கேட்பவனுக்கு முதல் சொல்தான் சட்டென்று புரியும்.

வயருக்குள் இருக்கும் வலைக்குப் பெயராக முன்பு நம் பேச்சில் வந்த 'கவசவலை'யையும் கொஞ்சம் திருத்தலாம். டிஷ்ஷுக்குப் போடும் ஆர்.ஜி.6 என்ற வகை வயரில் வலைக்கு அடியில் மெல்லிய தகடும் சுற்றியிருக்கும். இரண்டையும் சேர்த்துக் 'கவசம்', பின்னலை மட்டும் சொல்லும்போது 'வலை' என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

'ஓரச்சு வடம்', 'சொட்டு வளைவு' இரண்டுக்கும் மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். டிஷ் வேலை செய்பவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதினால் நல்லது.