முகில், எழிலி, ஆம்பல், வாகை: குழந்தைக்கு இயற்கையிலிருந்து ஒரு பெயர்

ஓடைக்கரை கேட்கிறார்:

எங்கள் முதல் குழந்தை பிறக்க இன்னும் ஏழு வாரங்கள் இருக்கின்றன. மகனா மகளா என்று தெரியாத நிலையில், யாராக வந்தாலும் பொருந்தக்கூடிய ஒரு பெயரை இப்போதே தேர்ந்து வைத்துவிட வேண்டும் என்பது என் மனைவியின் விருப்பம். அது மண்ணிலோ நீரிலோ வானிலோ கண்ணால் காணக்கூடிய ஒன்றின் பெயராகவும், தமிழ்ச் சொல்லாகவும் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்று மாதங்களாக அலசியதில், நாற்பதுக்கும் மேற்பட்ட சொற்கள் நான்காகக் குறைந்திருக்கின்றன: முகில், எழிலி, ஆம்பல், வாகை. நிலாவும் கயலும் மலரும் எங்களுக்குப் பிடித்தவையே. ஆயினும் எங்கே கூப்பிட்டாலும் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவை பெருகிவிட்டதால் விலக்கிவிட்டோம்.

இந்த நான்கில், எங்கள் கண்ணுக்குப் படாத வேறு பொருள் ஏதேனும் பழைய நூல்களிலோ இன்றைய பேச்சிலோ ஒளிந்திருக்கிறதா? வேற்று மொழியினர் படிக்கும்போது எது சிதையும், எது தாங்கும்? மேலும், அன், இனி போன்ற விகுதிகள் எதுவும் சேர்க்காமல் வெறும் பெயர்ச்சொல்லையே பிள்ளைக்கு இடுவது இலக்கணப்படி சரியாகுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மெய்ப்புநோக்கி எழுதுகிறார்:

கடைசிக் கேள்விக்கு விடை எளிது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். விகுதி தேவையில்லை. முகில் அஃறிணைச் சொல்தான். ஆனால் அதை ஒருவருக்குச் சூட்டிவிட்டால் ‘முகில் வந்தான்’, ‘முகில் வந்தாள்’ என்று வினைமுற்றே பாலைக் காட்டிவிடும். ‘சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது’ என்று இரு திணைக்கும் பொதுவாக நிற்கும் பெயர்களை விரவுப்பெயர் என்றும், ‘மயில் வந்தாள்’ என்று ஒரு பெண்ணைச் சொல்வதை உவமையாகுபெயர் என்றும் நம் இலக்கணம் பெயரிட்டே வைத்திருக்கிறது. நீங்கள் இருபாலுக்கும் பொதுவான பெயரைத் தேடுவதால், முகிலன் என்றோ முகிலினி என்றோ நீட்டுவது உங்கள் நோக்கத்துக்கே எதிரானது.

ஒளிந்திருக்கும் பொருள்களைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. இயற்கைச் சொற்களில் இந்த இடறல் மிகுதி. பூவின் பருவங்களையே எடுத்துக்கொள்ளுங்கள்: அரும்பு, மொட்டு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல். முகை வரையில் எந்தச் சொல்லையும் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். அலர் என்றால் விரிந்த பூ. ஆனால் அகப்பாடல்களில் ஊரார் காதலர்களைப் பற்றிப் பேசும் பழிச்சொல்லும் அலர்தான். வீ என்பது உதிர்ந்த பூ. வீதல் என்றால் இறத்தல். செம்மல் என்பது வாடிய பூ. ஆயினும் அதே சொல்லுக்குச் சிறந்த தலைவன் என்ற பொருளும் இருப்பதால், மனிதருக்குச் சூட்டும்போது வாடல் மறைந்து பெருமை மட்டும் நிற்கிறது. பிச்சி மணமுள்ள பூ. பித்துப் பிடித்தவளுக்கும் அதுவே பெயர். காற்றுகளும் அப்படியே. தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை. நான்கும் உடன்பிறந்தவை போன்றவை என்றாலும், தென்றல் என்று மகளை அழைப்பவர்கள் வாடை என்று அழைப்பதில்லை. இன்றைய பேச்சில் அது மூக்கைப் பிடிக்கவைக்கும் சொல்லாகிவிட்டது.

உங்கள் நான்கில் முகிலுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. எழிலி என்றால் மேகம். கேட்பவர்களில் பாதிப்பேர் எழில் உடையவள் என்றே பொருள்கொள்வார்கள், அதிலும் தீங்கில்லை. ஆனால் அந்த இகர ஈறு பெண்பாலாகவே காதில் விழுவதால், மகன் பிறந்தால் நெருடும். ஆம்பலுக்கு நீர்ப்பூ என்பதோடு ஒரு பேரெண் என்ற பொருளும் உண்டு. நம் முன்னோர் எண்ணி மாளாத தொகைகளுக்குத் தாமரை, ஆம்பல், வெள்ளம் என்று பெயரிட்டிருந்தனர். வாகைக்கு வெற்றி என்ற பொருள் இருப்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

வரப்புநண்டு எழுதுகிறார்:

ஐயா சொல்லைப் பார்த்தார். நான் செடியைப் பார்ப்பவன். கண்ணால் காணக்கூடிய ஒன்றின் பெயர் வேண்டும் என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் பழம்பாடல்களில் தேடிப் பெயர் வைப்பவர்களில் பலர் அந்தப் பூவைப் பார்த்ததே இல்லை. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் சில இன்று எந்தச் செடியைக் குறிக்கின்றன என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. குறிஞ்சி என்றே வைத்தாலும், நீலக்குறிஞ்சி பூப்பது 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை. 2006இலும் 2018இலும் பூத்தது. கணக்குப்படி அடுத்தது 2030. அந்தப் பெயருடைய பிள்ளை தன் பூவைப் பார்க்கக் காத்திருக்க வேண்டியிருக்கும். அதுவும் ஓர் அழகு என்று வாதிடுபவர்களோடு நான் சண்டையிடுவதில்லை.

ஆம்பலைப் பற்றி: பலர் அதையும் தாமரையையும் ஒரே குடும்பம் என்று எண்ணுகிறார்கள். தாமரையின் இலையும் பூவும் நீருக்கு மேலே தண்டில் உயர்ந்து நிற்கும். ஆம்பலின் இலை ஓரிடத்தில் பிளவுபட்டு நீரின்மேல் படிந்து கிடக்கும். தாவரவியல் வகைப்பாட்டில் இரண்டும் வெகு தொலைவு. மாலையில் விரிந்து காலையில் கூம்பும் வெள்ளாம்பலை, நிலவைக் கண்டு மலர்வதாகப் புலவர்கள் பாடியதற்குக் காரணம் அந்தப் பழக்கம்தான்.

என்னைக் கேட்டால் நான் வாகையைத்தான் சொல்வேன். வாகை என்றதும் எல்லோரும் வெற்றிமாலையோடு நின்றுவிடுகிறார்கள், மரத்தைப் பார்ப்பதில்லை. பட்டு நூல்களைக் கொத்தாகக் கட்டியதுபோன்ற பூ அது. வெண்மையும் இளம்பச்சையும் கலந்திருக்கும், அந்தி நேரத்தில் மணம் கூடும். அதில் நூல்போலத் தெரிபவை இதழ்கள் அல்ல, மகரந்தத் தாள்கள். இரவில் இலைகளை மடக்கிக்கொண்டு தூங்கும். இலையுதிர்ந்த பிறகும் காய்ந்த நெற்றுகள் மாதக்கணக்கில் கிளையிலேயே தங்கி, காற்றடிக்கும்போதெல்லாம் சலசலக்கும். சங்கப் பாடலில்கூட அந்த ஒலி பதிவாகியிருக்கிறது. ஆங்கிலத்தில் இம்மரத்துக்குப் ‘பெண்ணின் நாக்கு’ என்று ஒரு கேலிப்பெயர் உண்டு. வாய் மூடாத குழந்தை பிறந்தால் என்மேல் பழி போட வேண்டாம்.

பழுப்பிலை எழுதுகிறார்:

வேற்று மொழியினர் வாயில் பெயர் என்ன பாடுபடும் என்பதைச் சொல்லும் தகுதி எனக்கு நிறையவே இருக்கிறது. என் பெயரில் ழகரம் உண்டு. எழிலியைத் தேர்ந்தால், அந்த எழுத்துக்கு ஆங்கிலத்தில் இசட்டும் எச்சும் சேர்த்து எழுதுவீர்கள். அந்த மரபை அறியாதவர் அதை ஜகரமாகவோ ஸகரமாகவோ படிப்பார். ஒரு பணிநேர்காணலில் என் பெயரை மூன்று முறை அழைத்தும் அது நான்தான் என்று புரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஆயினும் பெயரை மாற்றிக்கொள்ள ஒருநாளும் தோன்றியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திருத்திச் சொல்லும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் ழகரத்தைச் சொல்லிப் பார்த்துச் சிரிக்கிறார். அப்படிக் கிடைத்த நண்பர்கள் எனக்கு உண்டு.

முகிலை ஆங்கிலத்தில் ‘கே’ இட்டும் எழுதலாம், ‘ஜி’ இட்டும் எழுதலாம். முதல் சான்றிதழில் எதை எழுதுகிறீர்களோ அதையே கடைசிவரை பின்பற்றுங்கள். ‘ஜி’ இட்டால் அது மடவை மீனின் பேரினப் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் என்பது ஒரு வேடிக்கை. விண்ணில் மிதக்க வேண்டிய பிள்ளை விலங்கியல் மாணவர்களுக்கு மட்டும் மீனாகத் தெரியும். வாகையில் தொல்லை வேறு: நெடிலுக்கு ‘ஏ’ எழுத்தை இரட்டித்து எழுதாவிட்டால், தமிழர்களே அதை ‘வகை’ என்று படித்துவிடுவார்கள்.

இன்னொன்று. நம் பெயர் மட்டும்தான் விளக்கம் கேட்கும் என்ற கூச்சம் வேண்டாம். தெபோரா என்றால் எபிரேய மொழியில் தேனீ, யோனா என்றால் புறா, தாமார் என்றால் பேரீச்சை. துருக்கியில் டெனிஸ் என்றால் கடல். அதை மகனுக்கும் மகளுக்கும் ஒன்றுபோல் வைக்கிறார்கள்.

மணல்கடிகை எழுதுகிறார்:

எல்லோரும் சங்ககாலத்தையும் வெளிநாட்டையும் பார்த்துவிட்டீர்கள். பள்ளிக்கூடத்தை யாரும் பார்க்கவில்லை. லகர ளகர வேறுபாடு தேய்ந்துவிட்ட நம் பேச்சுத்தமிழில், ஆம்பல் என்று கூப்பிட்டால் ஒன்பது வயதுப் பிள்ளைகளின் காதில் என்ன விழும் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘ஆம்பள’ என்றுதான் விழும். பெண் குழந்தையாக இருந்தால் பள்ளிக்காலம் முழுதும் அந்தக் கேலி ஓயாது. பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வைக்க மாட்டேன்.

ஓடைக்கரை மீண்டும் எழுதுகிறார்:

அனைவருக்கும் நன்றி. மணல்கடிகையின் மறுமொழியைப் படித்ததும் என் மனைவி சிரித்த சிரிப்பில் ஆம்பல் போயிற்று. எழிலியை மகளுக்கு மட்டும் என்று தனியே எடுத்து வைத்திருக்கிறோம். எஞ்சிய இரண்டையும் நேற்று மாலை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு உரக்கக் கூப்பிட்டுப் பார்த்தோம். முகில் என்று அழைக்கும்போது லகரத்தில் நா மேலே ஒட்டி ஒலி அடங்கிவிடுகிறது. போதாததற்கு இருவருக்கும் தானாகவே ‘முகிலு’ என்று வந்துவிட்டது. வாகை என்று அழைத்தால் வாய் திறந்தபடியே நிற்க, குரல் தொலைவு போகிறது. ஆகவே பெரும்பாலும் வாகைதான். மரத்தை இதுவரை அருகில் நின்று பார்த்ததில்லை என்பது மட்டும் வெட்கமாக இருக்கிறது; குழந்தை வருவதற்குள் அதைச் செய்துவிடுவோம்.

மெய்ப்புநோக்கி எழுதுகிறார்:

நல்ல தேர்வு. ஒரு சிறு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். ஐகாரத்தில் முடியும் பெயர் விளியேற்கும்போது ஈறு ‘ஆய்’ என்று திரியும்: அன்னை அன்னாய் ஆகும், நங்கை நங்காய் ஆகும். அந்த விதிப்படி உங்கள் பிள்ளையை ‘வாகாய்’ என்று அழைக்கலாம். இடுப்பில் வாகாய் உட்காரவும் ஒரு பிள்ளை கிடைத்தாயிற்று.