ஏஐ வைத்து வைரஸ் செய்கிறார்களாமே, எல்லையில் இருக்கிற நாங்கள் எதற்குப் பயப்படுவது?

பந்தலூர் மருந்துக்கடை:

வணக்கம். நீலகிரி பந்தலூர் தாலுகாவில், கேரள எல்லையான தாளூர் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் சின்னதாக ஒரு மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் வயநாட்டுச் சுல்தான் பத்தேரிதான், அதையும் தாண்டினால் கோழிக்கோடு. மலப்புறத்தில் நிபா வைரஸ் காய்ச்சல் என்று செய்தி வந்தால் அன்று சாயங்காலமே என் கடையில் முகக்கவசம் தீர்ந்துவிடும்.

இப்போது ஒரு வாட்ஸ்அப் ஆடியோ சுற்றுகிறது. நிபா வவ்வாலிடமிருந்து வரவில்லை, வெளிநாட்டு லேபில் ஏஐ வைத்துச் செய்து விட்டிருக்கிறார்கள் என்று ஒருவர் டாக்டர் மாதிரியே நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார். பாதி ஊர் நம்பிவிட்டது. நம்பாத மீதிப் பாதி, கோயிலுக்குப் பின்னால் ஆலமரத்தில் தொங்குகிற பழந்தின்னி வவ்வால்களைப் புகை போட்டு விரட்ட வேண்டும் என்று நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது, என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

கோயம்புத்தூரில் பயோடெக் படிக்கும் என் மகளிடம் கேட்டேன். ஆடியோ பொய் அப்பா, ஆனால் ஏஐ வைத்து வைரஸ் வடிவமைத்திருக்கிறார்கள் என்பது பொய் இல்லை என்றாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து அரிக்கிறது. இரண்டு மாதம் முன்னால் எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒரு பையன் காய்ச்சலோடு வந்தான். போனில் ஏதோ ஒரு ஏஐ செயலியிடம் கேட்டிருக்கிறான், சாதாரண வைரஸ் காய்ச்சல், மாத்திரை போட்டு ஓய்வெடு என்று பதில் வந்திருக்கிறது. நானும் பாரசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டேன். நான்காம் நாள் கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், எலிக்காய்ச்சல். பிழைத்துக்கொண்டான். ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கிற வேலை அவனுடையது என்று போனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், ஆனாலும் நான் கேட்கவில்லை.

உண்மையில் எதற்குப் பயப்பட வேண்டும், என்னைப் போன்ற ஒருவன் என்ன செய்ய முடியும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூடலூர்ப் பெண், இப்போது பெங்களூர் லேப்:

அண்ணா, உங்கள் மகள் சொன்னது சரி. முதலில் நிபாவை முடித்துவிடுகிறேன். இது 1998, 99இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைகளில் வெடித்த நோய், சுங்கை நிபா என்ற ஊரின் பெயர்தான் வைரஸுக்கே. அன்றைக்கு 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். 2001இல் சிலிகுரிக்கு வந்தது. 2018இல் கோழிக்கோடு பேராம்பிராவில் வந்தபோது நோயாளிகளிடம் எடுத்த வைரஸின் மரபணுவையும் அந்தப் பகுதியில் பிடித்த பழந்தின்னி வவ்வால்களிடம் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், கிட்டத்தட்ட அப்படியே ஒத்துப்போனது. ஆடியோக்காரரிடம் இதற்குப் பதில் இருக்காது.

இனி மகள் சொன்ன விஷயம். 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் ஆர்க் ஆராய்ச்சி நிறுவனமும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து ஏஐ எழுதிக்கொடுத்த மரபணு வரிசைகளை லேபில் செய்து பார்த்தார்கள். சுமார் 300 வடிவங்களில் 16 உயிரோடு வேலை செய்தன. இவை பாக்டீரியாவை மட்டும் தின்னும் வைரஸ்கள், மனிதனை ஒன்றும் செய்யாது. அந்த ஏஐக்குப் பாடம் கற்றுக்கொடுக்கும்போதே மனிதன், விலங்கு, செடி ஆகியவற்றைத் தாக்கும் வைரஸ்களை விலக்கிவிட்டார்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் கொல்ல இது உதவலாம், நல்ல விஷயம்தான். ஆனால் விலக்கி வைக்காமல் ஒருவர் செய்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எங்கள் துறையில் எல்லோருக்கும் இருக்கிறது.

நான் தினமும் பார்க்கிற இடத்திலிருந்து சொல்கிறேன். எங்களுக்கு டிஎன்ஏ துண்டு வேண்டுமென்றால் கணினியில் வரிசையை அனுப்பி ஆர்டர் போடுவோம், சில நாளில் சின்னக் குப்பியில் வந்துவிடும். விற்கிற நிறுவனம் அந்த வரிசை ஆபத்தான கிருமியுடையதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும், வாங்குகிறவர் யார் என்றும் பார்க்கும். ஒருமுறை எங்களிடம் திரும்பக் கேட்டார்கள், தலைவர் கையெழுத்திட்ட கடிதம் அனுப்பிய பிறகுதான் பொருள் வந்தது. எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் இப்படிக் கேட்கிறார்களே என்று நிம்மதியாகவும் இருந்தது. சிக்கல் என்னவென்றால் உலகம் முழுக்க எல்லா விற்பனையாளரும் இப்படிப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரே சட்டம் கிடையாது. 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள்: விஷப் புரதங்களின் வரிசையை ஏஐ வைத்து வேறு வார்த்தையில் எழுதுவது போல மாற்றியபோது, டிஎன்ஏ ஆர்டரைச் சோதிக்கிற மென்பொருள்கள் பலவற்றைக் கோட்டைவிட்டன. சோதித்தது கணினியில் மட்டும், விஷம் எதையும் செய்யவில்லை. ஓட்டையை அடைக்கத் திருத்தம் செய்துவிட்டுத்தான் வெளியே சொன்னார்கள், அதன் பிறகும் சில நழுவத்தான் செய்தன.

இதற்காக நாளைக்கே யாரோ வீட்டுச் சமையலறையில் வைரஸ் செய்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். ஜப்பானில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் கும்பலிடம் பணமும் படித்தவர்களும் இருந்தார்கள், 1993இல் டோக்கியோவில் ஆந்த்ராக்ஸ் கிருமியைத் தூவியும் பார்த்தார்கள், ஒருவருக்கும் நோய் வரவில்லை. செய்முறை தெரிவது வேறு, கைப்பக்குவம் வேறு. அம்மா சொன்ன அளவிலேயே வைத்தாலும் முதல் தடவை ரசம் அம்மா ரசம் ஆகாது. எனக்குக் கவலை அந்தக் கைப்பக்குவத்தைப் பற்றித்தான். எங்கே தப்பு செய்தாய் என்று பக்கத்தில் நின்று சொல்லித்தரும் மூத்தவர் இல்லாமல் லேபில் யாரும் தேறியதில்லை. அந்த மூத்தவர் வேலையை ஏஐ கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய ஆரம்பித்திருக்கிறது. ஏஐ செய்கிற ஓபன்ஏஐ, ஆந்த்ரோபிக் இரண்டு நிறுவனமுமே 2025இல் தங்கள் புதிய மாடல்கள் கிருமி ஆயுதம் செய்ய உதவிவிடாது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று கூடுதல் தடுப்புகள் போட்டார்கள். தாங்களாகவே போட்ட தடுப்பு அது, நாளை வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். அதைச் சட்டமாக்க வேண்டும், டிஎன்ஏ விற்பனைக்கும் சேர்த்து.

ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர்:

தம்பி, 2018இலும் அதற்குப் பிறகும் நாடுகாணி செக்போஸ்டில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அந்தப் பெண் எழுதியதைப் படித்தேன், நன்றாக எழுதியிருக்கிறாள். ஆனால் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு.

நிபா உடம்புக்குள் போய் வெளியே தெரிய பெரும்பாலும் 4 முதல் 14 நாள் ஆகும். அந்த நாட்களில் செக்போஸ்டைப் பத்து தடவை கடந்திருப்பான், நெற்றி குளிர்ச்சியாகத்தான் இருக்கும். நாங்கள் நின்றது வீண் என்று சொல்லவில்லை, நோட்டீஸ் கொடுத்தோம், நாலு வார்த்தை பேசினோம். ஆனால் நோயைப் பிடித்தது நாங்கள் அல்ல.

2018இல் பிடித்தது எப்படி? ஒரே குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவர் இறந்து, அடுத்தடுத்து ஆட்கள் காய்ச்சலும் குழப்பமுமாக விழுகிறார்கள் என்பதைக் கோழிக்கோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி மருத்துவர்கள் கவனித்து, இது வழக்கமான மூளைக்காய்ச்சல் இல்லை என்று மாதிரியை மணிப்பால் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பிறகு புனே வைரஸ் ஆய்வகம் உறுதி செய்தது. இரண்டாவது நோயாளியிலேயே பிடித்துவிட்டார்கள். அதற்குள் முதல் நோயாளி ஸ்கேன் எடுக்கக் காத்திருந்த மெடிக்கல் காலேஜ் நடைபாதையில் எத்தனை பேருக்குத் தொற்றிவிட்டது! 17 பேர் போய்விட்டார்கள், அதில் ஒருத்தி அந்த முதல் நோயாளியைப் பார்த்துக்கொண்ட பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரி நர்ஸ் லினி. அந்தப் பெண் இறந்த செய்தி வந்த அன்று நாடுகாணியில் நாங்கள் யாரும் மத்தியானம் சாப்பிடவில்லை.

முதல் நோயாளியிலேயே தெரிந்திருந்தால் அந்த நடைபாதை காலியாக இருந்திருக்கும். வவ்வால் கொடுத்த வைரஸாக இருந்தாலும் சரி, எவனோ செய்த வைரஸாக இருந்தாலும் சரி, முதலில் வந்து நிற்கப்போவது இப்படி ஒரு காய்ச்சல் வார்டில்தான், அல்லது உன் கடை வாசலில். அங்கே ஆள் இல்லை. நான் வேலை பார்த்த வட்டாரத்தில் ஆய்வாளர் இடங்கள் வருஷக்கணக்கில் காலியாகக் கிடந்தன. ஏஐ ஆபத்து, ஏஐ பாதுகாப்பு என்று பேசுகிற பணத்தில் ஒரு பங்கு இங்கே வரட்டும் என்பதுதான் என் வாதம்.

மரத்து விஷயம்: புகை போடாதே. கலைத்தால் அவை சாகாது, பக்கத்து ஊர்த் தோப்புக்குப் போகும். தொந்தரவு கொடுத்தால் உடம்பில் கிருமி வெளியேறுவதும் கூடலாம். தமிழ்நாடு உட்பட பல மாநிலத்து வவ்வால்களில் நிபாவின் தடயம் இருப்பதை ஆய்வில் பார்த்துவிட்டார்கள், ஒரு மரத்தைக் காலி செய்து எதுவும் ஆகப்போவதில்லை. மரத்தடியில் விழுந்த பழத்தைப் பிள்ளைகள் எடுக்க வேண்டாம், கடித்த தடம் உள்ள கொய்யாவைத் தின்ன வேண்டாம், கிணற்றுக்கு வலை போடு. கமிட்டியில் இதைச் சொல்.

கூடலூர்ப் பெண், இப்போது பெங்களூர் லேப்:

சார், வார்டில் ஆள் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் ஒரு இடத்தில் வேறுபடுகிறேன். வவ்வாலிடமிருந்து வருகிற நிபா மனிதனுக்கு மனிதன் அவ்வளவு சுலபமாகப் பரவுவதில்லை, அதனால்தான் கேரளா ஒவ்வொரு முறையும் தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்து 21 நாள் தனியே வைத்து அணைத்துவிட்டது. மனிதன் வேண்டுமென்றே மாற்றினால் அந்தச் சாதகம் நமக்கு இருக்கும் என்று நம்ப முடியாது. பிடிக்கிற கையும் வேண்டும், முதலிலேயே கதவை அடைக்கிற கையும் வேண்டும். நிபாவுக்கு இன்றுவரை அனுமதி பெற்ற தடுப்பூசி கிடையாது, சோதனை நிலையில்தான் இருக்கிறது.

ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர்:

ஒத்துக்கொள்கிறேன் அம்மா. கதவை அடைப்பது டெல்லியிலும் ஜெனீவாவிலும் நடக்க வேண்டியது, அது எனக்கு எட்டாத தூரம். அதனால் என் கோபம் பக்கத்தில் இருப்பதன் மேல் போகிறது.

புளியம்பாறை, மென்பொருள் வேலை:

குறுக்கே வருகிறேன். நோயைக் கண்டுபிடிக்கிற பக்கத்தில் ஏஐ உதவுவதையும் யாராவது சொல்ல வேண்டும். 2019 டிசம்பர் 31ஆம் தேதி கனடாவின் ப்ளூடாட் என்ற நிறுவனத்தின் மென்பொருள் ஊஹான் நிமோனியாவைப் பற்றி எச்சரித்தது, சீனச் செய்திகளை வாசித்தே கண்டுபிடித்தது. ஆனால் அதற்கு முந்தைய நாளே, டிசம்பர் 30ஆம் தேதி, மனிதர்கள் நடத்துகிற ப்ரோமெட் என்ற நோய்ச் செய்தி மடலில் அந்தச் செய்தி வந்துவிட்டது, அதற்கும் முன்னால் ஊஹான் மருத்துவர்களே தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். மென்பொருள் கேட்டது அவர்கள் குரலின் எதிரொலியைத்தான்.

நம் எல்லையில் இன்னொரு சிக்கல் மொழி. அந்தப் பக்கம் மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல், இந்தப் பக்கம் பனி என்றால் பனி. எஸ்டேட் ஆட்கள் காய்ச்சல் என்றே சொல்ல மாட்டார்கள், மேலுக்கு முடியவில்லை என்பார்கள். பணியர் பழங்குடி வீடுகளில் பேசுவது வேறு மொழி. ஆங்கிலச் செய்தியை வாசித்துப் பழகிய மென்பொருள் சேரம்பாடியில் நாலு பேர் மேலுக்கு முடியாமல் கிடப்பதைக் கேட்காது. அதைக் கேட்கிற ஆள் மருந்துக்கடை அண்ணன்தான். மாநில எல்லை வேறு நடுவில் இருக்கிறது, இங்கே காய்ச்சல் வந்தவர் பத்தேரியில் படுத்தால் எந்த மாநிலக் கணக்கில் எழுதுவது என்பதிலேயே ஒரு நாள் போகலாம்.

பந்தலூர் மருந்துக்கடை:

எல்லோருக்கும் நன்றி. கமிட்டியில் பேசினேன், புகை போடுவதில்லை என்று முடிவாயிற்று. இரண்டு பேருக்கு இன்னும் என் மேல் வருத்தம். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் பிள்ளைகளிடம் கடித்த பழத்தைப் பற்றிச் சொல்வதாக ஏற்றுக்கொண்டார். ஆடியோ மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. மலேசியா விஷயத்தைச் சொன்னதும் சிலர் மட்டும் யோசித்தார்கள்.

கடையில் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். காய்ச்சல் மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் எந்த ஊர், என்ன வேலை, எத்தனை நாள், வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா, பேச்சில் தடுமாற்றம் உண்டா என்று கேட்டு எழுதுகிறேன். பேர் எழுதுவதில்லை. மூன்று நாளுக்கு மேல் என்றால் மாத்திரையோடு அனுப்பாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்கிறேன். பத்தேரிப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிற சேட்டன் ஒருவரும் இதையே செய்வதாகச் சொன்னார், வாரம் ஒருமுறை போனில் பேசிக்கொள்ளப் போகிறோம்.

நேற்று ஐந்து பேர். அதில் இரண்டு பேர் ஒரே எஸ்டேட், ஒரே வரிசை லைன் வீடு, இருவருக்கும் கெண்டைக்கால் வலி, ஈரத்தில் வேலை. எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று தோன்றியது. சுகாதார நிலையத்துக்குப் போன் பண்ணினேன், நாளைக் காலை செவிலியர் அந்த வரிசைக்குப் போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.