ரீமேப் செய்த லாராவில் கிளட்ச் வழுக்குகிறது, எந்த பிளேட் போடலாம்?

கேள்வி (சேலம்):
என்னிடம் இருப்பது ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ, 6 கியர் மேனுவல். கம்பெனி கணக்கு 160 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர். போன மாதம் ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றி சக்தி கூட்டுவது) செய்தேன், டைனோவில் (சக்தி அளக்கும் மெஷின்) டார்க், அதாவது சுழற்றும் விசை, 330 காட்டியது. அன்று முதல் 5-ஆம் கியரில் 2,500 ஆர்பிஎம்மில் முழுசாக மிதித்தால் முள் சட்டென்று 3,500-க்குத் தாவுகிறது. வண்டி வேகம் ஏறவில்லை, கருகல் வாசனைதான் வருகிறது. தினமும் டவுன் ஓட்டம், மாதம் இரண்டு தடவை ஏற்காடு. கடையில் செராமிக் பிளேட் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில் 1 (கோவை):
தம்பி, செராமிக் வேண்டவே வேண்டாம். அது டிராக்குக்கு. பாதி கிளட்ச்சில் நகர்த்த விடாது, வெடுக்கென்று பிடிக்கும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவில் ஏதாவது ஒன்றில் முன்னால் பஸ் நின்றால், ஏற்றத்தில் வண்டியை எடுப்பதற்குள் உதறி எடுத்துவிடும். நான் போட்டு எட்டே மாதத்தில் கழற்றினேன்.

கிளட்ச்சுக்குக் குதிரைத்திறன் கணக்கில்லை, டார்க்தான் கணக்கு. பிளேட்டின் உராய்வு, பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, பிளேட்டின் ஆரம் மூன்றும் சேர்ந்துதான் அது தாங்கும் அளவு. உராய்வை விட்டுவிட்டு அழுத்தத்தைக் கூட்டுங்கள். ஆர்கானிக் பிளேட் (வண்டியோடு வரும் சாதாரண வகை), கெட்டியான பிரஷர் பிளேட், 400 வரை தாங்கும் செட்டாகக் கேளுங்கள். பெடல் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான்.

பதில் 2:
அண்ணன் சொன்னது சரி. கியர்பாக்ஸை இறக்கியதும் டார்ச் அடித்து கிராங்க் பின்பக்க ஆயில் சீலையும் பாருங்கள். எண்ணெய் பட்டால் எந்த பிளேட்டும் வழுக்கும். ரிலீஸ் பேரிங்கையும் (பெடலை மிதித்தால் கிளட்ச்சை விடுவிப்பது) இப்போதே மாற்றிவிடுங்கள், அதற்காக இன்னொரு தடவை லேபர் கொடுக்க வேண்டாம்.

கேட்டவர்:
இறக்கிவிட்டோம் அண்ணா. சீல் காய்ந்துதான் இருக்கிறது. ஆனால் டூயல் மாஸ் பிளைவீல் (கிளட்ச் பிளேட் உரசும் சக்கரம், இரண்டு பாகமாக நடுவில் ஸ்பிரிங்கோடு இருப்பது) முகத்தில் நீலத் திட்டுகள். ஒரே துண்டாக வரும் ஒற்றை பிளைவீல் போட்டுவிடலாமா?

பதில் 1:
நீலம் பாய்ந்திருந்தால் சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம், அதை மறுபடி மாட்டாதீர்கள். ஒற்றை பிளைவீல் போட்டால் நடுவில் ஸ்பிரிங் உள்ள பிளேட்தான் வேண்டும். அப்படிப் போட்டும் ஐடிலில் கியர்பாக்ஸ் கரகரக்கும், பெடலை மிதித்தால்தான் அடங்கும். வீட்டார் ஏறும் வண்டி என்றால் புது டூயல் மாஸே வாங்குங்கள், செலவு கூடினாலும் பரவாயில்லை. அப்புறம், முதல் 800 கி.மீ. டவுனுக்குள் மட்டும் ஓட்டுங்கள். அதுவரை ரீமேப்பை எடுத்துவிட்டு பழைய கம்பெனி மேப்பே இருக்கட்டும், ஏற்காடு வேண்டாம்.