மோஷே ஷாரெட்: கையாலாகாதவரா, கை கட்டப்பட்டவரா?

செங்கோடன்:
மோஷே ஷாரெட் இஸ்ரேலின் முதல் வெளியுறவு அமைச்சர், 1954, 55இல் பிரதமர். அவரை மென்மையானவர், நல்லவர் என்று இங்கே பலர் புகழ்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 1954 ஜூலையில் இஸ்ரேலிய ராணுவ உளவுத்துறை எகிப்து யூதர்களைக் கொண்டு கெய்ரோவிலும் அலெக்சாண்ட்ரியாவிலும் குண்டு வைத்தது. பிரதமருக்கே தெரியாது! பிடிபட்டவர்களில் இருவரைத் தூக்கில் போட்டார்கள். தன் ராணுவம் என்ன செய்கிறது என்று தெரியாதவர் என்ன பிரதமர்?

நிலாமதி:
மறைத்தவர்கள் மேல் வராத கோபம் அவர் மேல் மட்டும் ஏன்? உக்ரைனின் கெர்சோனிலிருந்து 1906இல் வந்த குடும்பம். ரமல்லா பக்கத்து அரபுக் கிராமம் ஐன் சினியாவில் இரண்டு வருடம் வளர்ந்த பையன் அவர். அரபு மொழி அங்கேதான் படிந்தது. பேசித் தீர்க்கலாம் என்ற நம்பிக்கை அந்தப் பழக்கத்தில் வந்தது என்றே நினைக்கிறேன். 1953 அக்டோபரில், ஜோர்தான் வசமிருந்த மேற்குக் கரையின் கிப்யா கிராமத்தை இஸ்ரேல் ராணுவம் தாக்கப் போகிறது என்று தெரிந்ததும் நிறுத்தச் சொன்னார். பாதுகாப்புப் பொறுப்பிலிருந்த லவோன் கேட்கவில்லை. சுமார் 70 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ராணுவம் செய்யவில்லை, எல்லையோரக் குடிமக்கள் செய்தது என்று அன்றைய பிரதமர் பென் குரியன் வானொலியில் சொன்னார். அந்தப் பொய் வேண்டாம் என்று உள்ளே வாதாடியவர் ஷாரெட்.

செங்கோடன்:
வாதாடினார், சரி. பதவி விலகினாரா? 1955 பிப்ரவரி 28, எகிப்து வசமிருந்த காசாவில் அதன் ராணுவத்தின் மீது நடந்த தாக்குதலுக்கு ஒப்புதல் தந்ததும் அவர்தானே? அதற்கப்புறம் எகிப்தின் தலைவர் நாசர் செக்கோஸ்லோவாக்கியாவிடம் ஆயுதம் வாங்கினார், நிலைமை கைமீறியது.

கடலோடி:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 1948 போரில் வீடிழந்த பாலஸ்தீனர்கள் திரும்பி வருவதை உறுதியாக எதிர்த்தவர் இதே ஷாரெட். போர் வேண்டாம் என்றவர்தான், ஆனால் அகதிகளுக்கு அவரிடம் இடமில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

நிலாமதி:
கடலோடி, அதை மறுக்க மாட்டேன். காசா ஒப்புதலும் தவறுதான். ஆனால் செங்கோடன் அண்ணா, அவர் ஒன்றுக்கும் ஆகாதவர் என்றால் 1956 ஜூனில், மறுபடி பிரதமராகியிருந்த பென் குரியன் அவரை வெளியுறவு அமைச்சர் பதவியிலிருந்து ஏன் வெளியேற்றி, கோல்டா மெயரைக் கொண்டுவர வேண்டும்? அவர் உள்ளே இருந்தால் போருக்குத் தடை. அக்டோபரில் எகிப்தின் சினாய் மீது இஸ்ரேல் படை பாய்ந்தபோது அவர் டெல்லியில் நேருவைச் சந்தித்துக்கொண்டிருந்தார். முன்கூட்டி ஒரு வார்த்தை அவருக்குச் சொல்லவில்லை.

செங்கோடன்:
1956 பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், அது அவருக்குச் செய்த துரோகம். கிப்யாவுக்கு மறுநாள் விலகியிருந்தால் உலகமே கேட்டிருக்கும். அதற்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.